நிழற்கடிகை: சீவலப்பேரிக் கரைக்கு ஒரு கணக்கு

நெடுநல்வாடையை வகுப்பில் நடத்தும்போது அரசியின் கட்டிலும் அரண்மனையின் நெடுநிலை வாயிலும் மாணவர் நெஞ்சில் எளிதில் பதிந்துவிடுகின்றன. அவற்றுக்கு முன்னால் நிற்கும் சில அடிகளை விரைந்து கடந்துவிடுகிறோம். கோயில் எடுப்பதற்கு முன் மனைநூல் வல்லார் இரண்டு கோல் நட்டனர். நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகற் பொழுதைப் பார்த்தனர். அதன் பின்னரே கயிறு பிடித்துத் திசை வகுத்தனர் என்பது அவ்வடிகளின் பொருள். பாட்டில் திங்களின் பெயர் இல்லை. உரையெழுதிய நச்சினார்க்கினியரே அதைச் சித்திரைத் திங்களின் நடுவில் அமைந்த பத்து நாள்களுள் ஒருநாள் என்றும், பதினைந்தாம் நாழிகை என்றும் வரையறுக்கிறார்.

இவ்வுரையை இன்றைய நாட்காட்டியோடு ஒப்பிட்டால் ஒரு முரண் தோன்றும். மதுரைக்கு நேர் மேலே கதிரவன் நிற்கும் நாள் இக்காலத்தில் ஏப்ரல் 16 அளவில் வருகிறது. அது சித்திரை மூன்றாம் நாள், நடுப்பத்தன்று. எனில் உரையாசிரியர் பிழைபட்டாரோ? இல்லை. நம் சௌரமான ஆண்டு விண்மீன்களை ஒட்டி நடப்பது. கதிரவன் தலைக்கு நேரே வரும் நாளோ, இரவும் பகலும் ஒத்த நாளிலிருந்து எண்ணப்படுவது. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகல் ஏற்படுகிறது. நச்சினார்க்கினியர் வாழ்ந்த 14-ஆம் நூற்றாண்டுக்குப் பின்னோக்கிச் சென்றால் பத்து, பதினொரு நாள் வேறுபாடு வரும். அக்காலத்தில் நிழலற்ற நண்பகல் சித்திரை 13 அளவில் விழுந்திருக்கும். உரை சொல்லும் நடுப்பத்துக்குள் அது சரியாக அடங்குகிறது. ஆகவே அவர் ஏட்டை மட்டும் பார்த்து எழுதவில்லை, தம் காலத்துத் தச்சர் வழக்கையும் கேட்டு எழுதினார் என்று கருத இடமுண்டு.

ஒரு கோலும் அதன் நிழலும் இத்துணை நுட்பமாகப் பேசுமாயின், அதைப் பொதுவிடத்தில் நட்டு மக்கள் பார்க்கச் செய்தால் என்ன என்னும் எண்ணம் நமக்கு எழுந்தது. அதற்குச் சீவலப்பேரியை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் ஊர் அது. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இவ்வூரை அடுத்ததே என்பது அறிஞர் பலரின் கருத்து. சீவல்லபன் என்னும் பாண்டியர் பெயரோடு ஊர்ப்பெயரைத் தொடர்புபடுத்துவாரும் உளர். ஆற்றங்கரையில் வானம் விரிந்து கிடக்கிறது. நிழற்கடிகைக்கு முதல் தேவை அதுவே.

நிழல் எவ்வாறு நேரமாகிறது

வெறும் செங்குத்துக் கோலின் நிழல் திசையைச் சொல்லும், நண்பகலைச் சொல்லும், மணியைச் சரியாகச் சொல்லாது. காரணம், கதிரவன் ஆண்டு முழுவதும் ஒரே தடத்தில் செல்வதில்லை. சீவலப்பேரி ஏறத்தாழ 8¾ பாகை வட அட்சத்தில் உள்ளது. அங்கே ஒரு மீட்டர் உயரக் கோலை நட்டால் டிசம்பர் 22 நண்பகலில் நிழல் வடக்கே 63 செ.மீ. நீளும். ஜூன் 21-இல் அதே நிழல் தெற்கே 26 செ.மீ. விழும். ஏப்ரல் 12, 13 தேதிகளிலும், மீண்டும் ஆகஸ்டு 30-ஐ ஒட்டியும் நிழலே இராது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நான்கரை மாதம் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது என்பதை நம்மூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் கவனித்திருப்பர்?

இந்த ஏற்ற இறக்கத்தால் காலை ஒன்பது மணி நிழலின் திசை தையில் ஒன்றும் ஆடியில் வேறொன்றுமாக மாறிவிடும். இதற்கு மாற்று, கோலைச் சாய்த்து வைப்பது. நிலவுலகம் எந்த அச்சைப் பற்றிச் சுழல்கிறதோ அந்த அச்சுக்கு இணையாக, அதாவது துருவ விண்மீனை நோக்கி, முள்ளைச் சாய்த்துவிட்டால் கதிரவன் மேலே சென்றாலும் கீழே சென்றாலும் ஒரு மணிக்குரிய நிழல் ஒரே கோட்டில் விழும். கோடு மாறாது; நிழலின் நீளம் மட்டுமே மாறும். எளிய செய்திதான், ஆயினும் மனிதகுலம் இதை நன்கு பற்றிக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. திமிஷ்கு நகரின் உமையாப் பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் பணியில் இருந்த இப்னு ஷாத்திர் 1371-72-இல் ஒரு பளிங்குப் பலகையில் அமைத்த கடிகையே, இவ்வாறு அச்சுக்கு இணையான முள் கொண்டவற்றுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது என்பர். அப்பணியாளருக்கு ‘முவக்கித்’ என்று பெயர். தொழுகை நேரம் நிழலால் வரையறுக்கப்படுவதால் பெரிய பள்ளிவாசல்களில் அது முழுநேரப் பணியாகவே இருந்தது. கதிரவன் உச்சி சாய்ந்ததும் லுஹர். ஒரு பொருளின் நிழல், உச்சி நேர நிழல் போக, அப்பொருளின் அளவு நீண்டதும் ஷாஃபி வழியினருக்கு அஸர். இருமடங்கானதும் ஹனஃபி வழியினருக்கு அஸர். இதற்கு வானியல் படிக்க வேண்டியதில்லை. ஒரு கோலே போதும்.

முள் சாயவேண்டிய அளவு அவ்வூரின் அட்சமே. ஜெய்ப்பூரில் சவாய் ஜெய்சிங் 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரம். அதன் சாய்வு 27 பாகை, அவ்வூரின் அட்சமும் அதுவே. உலகின் மிகப் பெரிய கல் நிழற்கடிகை எனப் போற்றப்படும் அது அமைந்த வானாய்வகத்தை 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதில் நிழல் நிமிடத்துக்கு ஆறு செ.மீ. அளவு நகர்வதைக் கண்ணால் காணலாம். அதே கடிகையைக் கல் கல்லாகப் பெயர்த்துச் சீவலப்பேரியில் வைத்தால் ஒருநாளும் நேரம் சொல்லாது. இதை ஏன் வற்புறுத்துகிறோம் எனில், அழகுப் பொருள் கடைகளில் பித்தளையால் ஆன சிறு கடிகைகள் கிடைக்கின்றன. அவற்றுட் பல இலண்டனுக்கு ஏற்ப ஐம்பது பாகைக்கு மேல் முள் சாய்ந்தவை. அவற்றை வாங்கிப் பூங்காவில் பதிப்பது, பொதுவிடத்தில் ஒரு பொய்யைப் பதிப்பதாகும்.

நம் அட்சத்துக்கு ஏற்ற வடிவம்

பாடநூல்களில் காணப்படும் கிடைத்தளக் கடிகை நமக்கு ஏற்றதன்று. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் முள் ஏறக்குறையப் படுத்துவிடுகிறது, மணிக்கோடுகள் நெருங்கிவிடுகின்றன. கணக்கிட்டால், உச்சியிலிருந்து முதல் ஒரு மணிக்குக் கிடைக்கும் கோணம் 2⅓ பாகையே. ஐந்து மணி நேரமும் 30 பாகைக்குள் அடங்க, ஆறாவது மணி ஒன்று மட்டும் 60 பாகையை விழுங்கும். இப்படி ஒரு கடிகையை யாரும் படிக்க இயலாது.

சுவர்க்கடிகைக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூர்ச் சிவயோகிநாதர் கோயில் மதிலில் அரைவட்டமாக ஒரு நிழற்கடிகை இருக்கிறது. நடுவே உலோக முள். அதைச் சோழர் காலத்தது என்று கூறும் மரபு உண்டு. 11 பாகை அட்சத்தில் செங்குத்துச் சுவரின் மணிக்கோடுகள் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் ஒத்த இடைவெளியில் விழுவதால், அரைவட்டத்தைச் சம கூறாக்கினாலே பெரும்பாலும் போதும். ஆயினும் பொதுவாகச் சுவர்க்கடிகைக்கு ஒரு குறை உண்டு. தெற்கு நோக்கிய சுவரில் அமைத்தால், கதிரவன் வடக்கே செல்லும் மாதங்களில் வெயில் சுவரின் பின்புறம் போய்விடும்.

நாம் சீவலப்பேரிக்குப் பரிந்துரைப்பது துருவத் தளக் கடிகை. பெயரைக் கண்டு அஞ்சவேண்டா. ஒரு கற்பலகை, அதன் வடமுனை தென்முனையைவிடச் சிறிது உயர்ந்திருக்க வேண்டும். எவ்வளவு எனில், ஒரு மீட்டர் ஓட்டத்துக்கு 15.4 செ.மீ. அதுவே 8¾ பாகைச் சாய்வு. பலகையின் நடுவே, தென்வடலாக, பலகைக்கு இணையாக ஒரு விளிம்பு 40 செ.மீ. உயரத்தில் ஓடவேண்டும். அவ்விளிம்பின் நிழலே முள். இவ்வமைப்பில் மணிக்கோடுகள் யாவும் நேரான இணைகோடுகளாக அமையும். நடுக்கோடு உச்சிப்பொழுது. அதிலிருந்து இருபுறமும் 10.7 செ.மீ.யில் ஒரு மணி, 23.1-இல் இரண்டு, சரியாக 40-இல் மூன்று, 69.3-இல் நான்கு, 149.3-இல் ஐந்து. ஆக, கிழமேலாக மூன்று மீட்டருக்குச் சிறிது கூடுதலான பலகை போதும். காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை படிக்கலாம். ஆண்டின் எந்நாளிலும் ஒரே முகத்தில் வெயில் விழும். மழைநீர் தெற்கே வழிந்தோடிவிடும் என்பது நாம் கேளாமலே கிடைத்த நன்மை.

தமிழ்த்துறையார் என்னும் உரிமையில் ஒன்று சேர்ப்போம். மணிக்கோடுகளோடு நாழிகைக் கோடுகளையும் பொறிக்கவேண்டும். ஒரு நாழிகை 24 நிமிடம். கதிரவன் ஆறு பாகை நகரும் நேரம். முல்லைப்பாட்டில் நாழிகைக் கணக்கரைப் படிக்கும் மாணவன், அந்த நாழிகை கல்லில் எவ்வளவு அகலம் என்று விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.

கடிகாரத்தோடு வழக்கு

கடிகை அமைந்த மறுநாளே ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இது இருபது நிமிடம் பிந்துகிறதே” என்பார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் குறை கல்லில் இல்லை.

1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகம் கணித்த நேரமே ஒருகாலத்தில் இந்திய இருப்புப்பாதைகளுக்கு நேரமாக வழங்கிற்று. அதற்கு முன் ஊருக்கு ஊர் உச்சிப்பொழுதே மணி. 1906 ஜனவரி முதல் நாளிலிருந்து 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம் நாடு முழுமைக்கும் பொதுவாயிற்று. சீவலப்பேரியோ 77.8 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் நாம் 19 நிமிடம் மேற்கே இருக்கிறோம். ஆகவே சராசரியாக நம் உச்சிப்பொழுது கடிகாரத்தில் 12 மணி 19 நிமிடத்துக்கு வருகிறது.

சராசரியாக என்றோம். இரண்டாவது திருத்தம் ஒன்றும் உண்டு. நிலவுலகம் கதிரவனை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. ஜனவரித் தொடக்கத்தில் அருகே வந்து விரைகிறது. ஜூலைத் தொடக்கத்தில் விலகித் தளர்கிறது. அதனோடு அதன் அச்சும் 23½ பாகை சாய்ந்திருக்கிறது. இவ்விரண்டும் கூடி, ஓர் உச்சியிலிருந்து மறு உச்சிவரையான பொழுதை நாளுக்கு நாள் சில நொடிகள் நீட்டியும் குறைத்தும் விடுகின்றன. நொடிகள் சேர்ந்து நிமிடங்கள் ஆகின்றன. பிப்ரவரி 11 அளவில் நிழற்கடிகை 14 நிமிடம் பிந்தும். நவம்பர் 3 அளவில் 16 நிமிடம் முந்தும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நான்கு நாள்களை ஒட்டி இத்திருத்தம் இல்லை. எனவே சீவலப்பேரியில் உச்சிப்பொழுது நவம்பர்த் தொடக்கத்தில் 12.03-க்கும், பிப்ரவரி நடுவில் 12.33-க்கும் இடையே ஊசலாடும்.

இதை நம்ப மறுப்பவர் வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. நெல்லைப் பகுதிப் பள்ளிவாசல்களில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையில் லுஹர் தொடங்கும் நேரத்தை மாதந்தோறும் பார்த்து வரட்டும். எச்சரிக்கைக்காக ஓரிரு நிமிடம் கூட்டி எழுதுவது உண்டு. அதைத் தள்ளிவிட்டால் மேலே கண்ட அரைமணி நேர ஊசல் அப்படியே அங்கே இருக்கும். அந்த அட்டவணை, எண்ணாக மாறிய நிழற்கடிகையேயாகும்.

ஊருக்குரிய அட்டவணையை விட்டு வேற்றூர் நேரத்தைப் பின்பற்றினால் வரும் இடர் சிறிதன்று. சென்னை நமக்குக் கிழக்கே ஏறத்தாழ 2½ பாகை. அதனால் 10 நிமிட வேறுபாடு. இது ஆண்டு முழுதும் ஒரே அளவாக நிற்பதுமில்லை. சென்னை நமக்கு வடக்கேயும் இருப்பதால் அங்கே கோடைப் பகல் நீண்டது, குளிர்காலப் பகல் குறுகியது. எனவே கதிரவன் மறைவு ஜூன் இறுதியில் இரண்டு நிமிடமே முந்தும்; டிசம்பர் இறுதியிலோ பதினெட்டு நிமிடம் முந்திவிடும். ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னேறிப் பருவங்களையெல்லாம் சுற்றிவருவது. அது டிசம்பரில் வரும் ஆண்டில் சென்னைப் பாங்கைத் தொலைக்காட்சியில் கேட்டு இங்கே ஒருவர் நோன்பு திறந்தால், கதிரவன் இன்னும் வானில் இருக்கத் திறந்தவர் ஆவார். நாள் முழுதும் காத்த நோன்பு பதினெட்டு நிமிடக் கணக்கில் பாழாவதை எந்தப் பெரியவரும் பொறுக்கமாட்டார்.

இனி வழக்குக்கு வருவோம். மணிக்கோடுகளை 4.7 பாகை நகர்த்திப் பொறித்துவிட்டால் 19 நிமிடத் திருத்தம் கல்லிலேயே அடங்கிவிடும். பலர் அவ்வாறு செய்கின்றனர். நாம் அதை விரும்பவில்லை. உச்சிக்கோடு ஊரின் உண்மையான உச்சியையே காட்டவேண்டும். நேரம் பார்க்கக் கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. கல் சொல்லவேண்டியது, கைப்பேசி சொல்லாத ஒன்றை. கடிகார நேரம் வேண்டுவோர்க்குப் பக்கத்தில் ஒரு சிறு பலகையில் மாதத் திருத்தத்தைப் பொறித்தால் போதும்: ஜனவரி நடுவில் 28 நிமிடம் கூட்டுக, மே நடுவில் 15, ஜூலை இறுதியில் 25, அக்டோபர் நடுவில் 5 என்றவாறு.

எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்? கதிரவன் ஒரு புள்ளியன்று. அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே எந்த நிழலுக்கும் விளிம்பில் மங்கலான கரை உண்டு. அக்கரையின் அகலம் இரண்டு நிமிடத்துக்கு ஈடானது. மங்கலின் நடுவைப் பார்த்துப் பழகியவர் ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடுவார். கடிகையைப் பெரிதாக்கினால் கோடுகள் விரியும். மங்கலும் உடன் விரியும்.

நடும் முறை

முதற்பணி வடக்கைக் காண்பது. காந்த ஊசியை நம்பலாகாது. நம் பகுதியில் அது உண்மை வடக்கிலிருந்து ஒன்று முதல் இரண்டு பாகை வரை மேற்கே சாய்ந்து நிற்பது. அருகே இரும்புக் கம்பி இருப்பின் இன்னும் பிறழும். பழைய முறையே சிறந்தது. சமதளத்தில் ஒரு கோலைத் தூக்குக்குண்டு கொண்டு நெட்டாக நிறுத்தி, அதன் அடியை மையமாக்கி ஒரு வட்டம் இடுக. முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உட்புகும் இடத்தையும், பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறித்து இணைத்தால் அது கிழமேல் கோடு. அதற்குச் செங்குத்து, தென்வடல். வடமொழி நூல்களில் பழங்காலந்தொட்டு உள்ள இம்முறையை அரபு வானியலார் ‘இந்திய வட்டம்’ என்றே பெயரிட்டு வழங்கினர். கிப்லாவைக் காணவும் இதையே அடிப்படையாகக் கொண்டனர். ஜூன், டிசம்பர் மாதங்களின் இறுதிப் பகுதியில் செய்தால் கதிரவனின் வடக்கு தெற்கு நகர்ச்சி ஒரு நாளுக்குள் புறக்கணிக்கத்தக்க அளவே இருக்கும்.

கல் விளிம்பு சிறிதேனும் தடிப்பாகத்தான் இருக்கும். அப்போது முற்பகல் நேரத்தை மேற்கு விளிம்பின் நிழலாலும், பிற்பகல் நேரத்தைக் கிழக்கு விளிம்பின் நிழலாலும் படிக்கவேண்டும். ஆகவே முற்பகற் கோடுகளை மேற்கு விளிம்பின் நேர்கீழிருந்தும், பிற்பகற் கோடுகளைக் கிழக்கு விளிம்பின் நேர்கீழிருந்தும் அளந்து வெட்டுக; உச்சியில் விளிம்பின் தடிப்பளவு இடைவெளி விடுக. இதை மறந்து நடுவிலிருந்து அளந்தால், 5 செ.மீ. தடிப்புள்ள கல்லில் உச்சியை ஒட்டிப் பதினான்கு நிமிடம் வரை பிழை வரும். பித்தளையும் செம்பும் வேண்டா. ஆற்றங்கரையில் அவை நெடுநாள் நிலைப்பதில்லை, திருட்டுக்கும் ஆளாகும். விளிம்பையும் கருங்கல்லிலேயே வடித்துவிடலாம். குழந்தைகள் ஏறி விளையாடுவர் என்பதையும் எண்ணி முனைகளை மழுக்கவேண்டும். நேரத்தைக் காட்டுவது மேல் விளிம்பு மட்டுமே, முனைகள் அல்ல.

பலகையின் சாய்வைக் கொத்தனாரின் ரசமட்டமும் ஒரு மரச்சட்டமும் கொண்டே சரிபார்க்கலாம். இடத்தைத் தேர்வதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருகியதை நெல்லை மாவட்டம் மறக்காது. அவ்வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலேயே பீடம் அமைய வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் தென்னையோ மருதமோ நிழல் கவியாத இடம் வேண்டும். இன்று கன்றாக நிற்பது பத்தாண்டில் மரமாகும். பிழை பார்க்க, 1987 முதல் கொக்கிரகுளத்தில் இயங்கும் மாவட்ட அறிவியல் மையம் போன்ற நிறுவனங்களின் துணையை நாடலாம்.

கதிரவனைக் கொண்டு பொதுவிடத்தில் ஒரு நாளைக் குறிப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. கன்னியாகுமரிக் காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகலில் அஸ்தி வைத்த இடத்தின்மீது கதிர் விழுமாறு கூரையில் துளை அமைத்துள்ளனர். அங்கே அன்று உச்சி 12 மணி 9 நிமிட அளவில் வரும் என்பதையும், கணக்கின்படி மார்ச்சு 11, 12 தேதிகளிலும் கதிர் அதே இடத்தில் விழவேண்டும் என்பதையும் சென்று பார்ப்போர் நினைவில் கொள்வாராக.

சீவலப்பேரிப் பீடத்தின் அருகே நெட்டான ஒரு கோலுக்கும் இடம் விடவேண்டும் என்பது நம் விருப்பம். ஆண்டில் இரு முறை, மே 27, 28 தேதிகளில் நம் கடிகாரப்படி பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 15, 16 தேதிகளில் 2.57-க்கும், கதிரவன் மக்காவின் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. அவ்வேளையில் எந்த நெட்டுக்கோலின் நிழலும் கஃபாவுக்கு நேர் எதிர்த்திசையில் விழும். நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கினால் அதுவே கிப்லா. நெல்லையில் அது நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்கே 23½ பாகை. மே மாதத்தில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஜூலையில் தென்மேற்குப் பருவ முகில்கள் மறைத்தாலும் அடுத்த நாள் மீண்டும் பார்க்கலாம். ஒரு நாள் வேறுபாட்டில் திசை அரைப் பாகைகூட மாறுவதில்லை.